ஜீப்பை உருவாக்கியது யார், வில்லிஸ் எஞ்சினில் அப்படி என்ன இருந்தது?

கேள்வி கேட்டவர் மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். இரண்டாம் உலகப் போர் ஜீப்பை உண்மையில் உருவாக்கியது வில்லிஸா ஃபோர்டா? வெறும் 60 குதிரைத்திறன் தந்த அதன் எஞ்சினை ஏன் இன்னும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்? தாத்தா ஓட்டிய மஹிந்திரா பெட்ரோல் ஜீப்பில் இருந்ததும் அதே எஞ்சின்தானா? மூன்றும் வேறு வேறு மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன். மூன்று கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி வண்டியைச் செய்து ராணுவத்தின் முன் நிறுத்தியபோது வில்லிஸ் வண்டி மட்டும் எப்படித் தேறியது என்பதுதான் அது. என் பதில், எஞ்சினால். அதுவும் ராணுவம் இப்படி ஒரு வண்டி வேண்டும் என்று கேட்பதற்கு இரண்டு வருடம் முன்பே, வேறு ஒரு தேவைக்காகத் தொடங்கிய எஞ்சின் வேலையால். பழைய பெட்ரோல் ஜீப் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவது என் தொழில். அதனால் எஞ்சினுக்குள் நடப்பதைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்கிற கதைகளில் எது பதிவானது, எது வாய்வழியாக வளர்ந்தது என்று ஆங்காங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் வண்டி. 1940 கோடையில், ஐரோப்பாவில் ஜெர்மனி பிரான்சை வீழ்த்திய நேரத்தில், அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரமும் இழுக்கிற, எடை குறைந்த ஒரு சின்ன உளவு வண்டிக்கு டெண்டர் விட்டது. 135 கம்பெனிகளுக்கு அழைப்பு போனது. ஒப்பந்தம் கிடைத்தால் 49 நாளில் முதல் வண்டி வந்து நிற்க வேண்டும், 75 நாளில் மொத்தம் 70 வண்டி. எடை 1,300 பவுண்டுக்குள், அதாவது 590 கிலோவுக்குள். எஞ்சின் இழுவை, அதாவது அதன் சுழற்று விசை (டார்க்), குறைந்தது 85 பவுண்டு-அடி. இந்த இரண்டு எண்களையும் ஒன்றாகப் பார்த்தாலே நடக்காத காரியம் என்று தெரியும், நான்கு சக்கர இழுவைக்கான ஆக்ஸிலும், எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸும் மட்டுமே அந்த எடையில் பெரும் பங்கை விழுங்கிவிடும். அழைப்பை மதித்து உருப்படியாக வந்தவை இரண்டே கம்பெனிகள்தான். ஒன்று பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் இருந்த அமெரிக்கன் பாண்டம், பிரிட்டிஷ் ஆஸ்டின் செவன் காரை அமெரிக்காவில் செய்து விற்றுப் பார்த்து நொடித்துப்போன நிலையில் இருந்த சின்ன நிறுவனம். இன்னொன்று ஒஹையோவில் டொலிடோ நகரத்து வில்லிஸ்-ஓவர்லேண்ட். விலையில் வில்லிஸ்தான் குறைவு, ஆனால் 49 நாளில் முடியாது, கூடுதல் நாள் வேண்டும் என்று சொல்லிவிட்டது. தாமதத்துக்கான அபராதத்தைக் கூட்டிப் பார்த்ததில் பாண்டத்துக்கு ஒப்பந்தம் போனது.

பாண்டம் கம்பெனிக்காக வரைபடம் போட்டவர் டெட்ராய்ட்டில் தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்த பொறியாளர் கார்ல் ப்ரோப்ஸ்ட். ஜூலை மாதம் இரண்டே நாளில் அடிப்படை வரைபடத்தை முடித்தார். புதிதாக எதையும் செய்ய நேரமில்லை என்பதால் கிடைத்த பாகங்களைக் கோத்தார்கள். ஸ்டூட்பேக்கர் சாம்பியன் காரின் ஆக்ஸிலை ஸ்பைசர் கம்பெனி மாற்றிக் கொடுத்தது, எஞ்சின் கான்டினென்டல் கம்பெனியின் 112 கன அங்குல நான்கு சிலிண்டர், 45 குதிரைத்திறன் அளவில். 1940 செப்டம்பர் 23 அன்று அந்த முதல் வண்டியைச் சாலையிலேயே ஓட்டிக்கொண்டு மேரிலாந்தில் உள்ள ஹோலபர்ட் முகாமுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது. ஆகவே முதல் ஜீப் பாண்டம் செய்தது, இதில் சந்தேகமே வேண்டாம்.

சந்தேகம் எங்கே வருகிறது என்றால், அந்த வடிவத்துக்குத் தனி ஒருவரை உரிமையாளர் ஆக்கும்போது. ப்ரோப்ஸ்ட் பெயர்தான் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆனால் அவர் பட்லருக்கு வருவதற்கு முன்பே ராணுவ அதிகாரிகள் அந்த ஆலைக்கு வந்து பேசி, வண்டியின் உத்தேச உருவத்தைக் குறித்துவைத்திருந்தார்கள். ஆலையில் இருந்த ஹரால்ட் கிறிஸ்ட் வண்டியைக் கையால் கட்டி முடித்தவர், அவருடைய பங்கும் பெரியது. ராபர்ட் ஹவி என்ற ராணுவ அதிகாரி 1937-லேயே படுத்துக்கொண்டு ஓட்டுகிற ஒரு தாழ்வான இயந்திரத் துப்பாக்கி வண்டியைச் செய்து பார்த்திருந்தார், அவரையும் பட்லருக்கு அனுப்பினார்கள். இவர்களில் யாருக்கு எத்தனை பங்கு என்று இன்றைக்கு யாராவது சதவீதக் கணக்கில் சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து நடந்தது எனக்கு இன்னமும் மனசுக்கு ஒப்பாத விஷயம். பாண்டம் வண்டி சோதனையில் தேறியதும், இவ்வளவு சின்ன ஆலையால் ராணுவத்துக்கு வேண்டிய எண்ணிக்கையைத் தர முடியுமா என்ற பயம் வந்தது. அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்கு ராணுவம் கண்ட வழி, பாண்டத்தின் வண்டியையும் வரைபடங்களையும் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டி, நீங்களும் செய்து கொண்டுவாருங்கள் என்றது. நவம்பரில் வில்லிஸ் 'குவாட்' என்ற வண்டியோடும், அதே மாதக் கடைசியில் ஃபோர்டு 'பிக்மி' என்ற வண்டியோடும் வந்தன. மூன்று வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அப்படி இருந்ததில் ஆச்சரியம் என்ன.

வித்தியாசம் பானெட்டுக்குள் இருந்தது. ஃபோர்டு தன் டிராக்டர் எஞ்சினை ஒட்டிய ஒன்றைப் போட்டிருந்தது, அதுவும் பாண்டம் மாதிரியே 45 குதிரைத்திறன் அளவில்தான். வில்லிஸ் கொண்டுவந்தது 60 குதிரைத்திறன், 105 பவுண்டு-அடி இழுவை. ராணுவம் கேட்டது 85 என்பதை நினைவில் வையுங்கள். மற்ற இருவரும் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றபோது வில்லிஸ் கால் பங்கு அதிகமாகக் கொடுத்தது. ஏற்றத்திலும் சேற்றிலும் ஓட்டிப் பார்த்த சோதனை அதிகாரிகளுக்கு இது தெரியாமல் போகுமா?

சரி, அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது? யாரும் புதிதாக வடிவமைக்கவில்லை. 1926-ல் வில்லிஸ் விட்ட விப்பெட் என்ற மலிவுக் காரில் 134 கன அங்குல நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று இருந்தது, சுமார் 30 குதிரைத்திறன். அதையே மெருகேற்றி 1933-ல் வில்லிஸ் 77 காரில் 48 குதிரைத்திறனுக்குக் கொண்டுவந்தார்கள். சிலிண்டரின் உள்விட்டம் (போர்) 79.4 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 111.1 மில்லிமீட்டர், 2,199 சி.சி. இந்த அளவு கடைசி வரை மாறவே இல்லை. 1938-ல் டெல்மார் ரூஸ், எல்லோரும் பார்னி ரூஸ் என்று கூப்பிடும் பொறியாளர், வில்லிஸில் தலைமைப் பொறியாளராகச் சேர்ந்தார். ஸ்டூட்பேக்கரில் இருந்து, பிறகு இங்கிலாந்தில் ரூட்ஸ் குழுமத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் கையில் வந்தபோது அந்த எஞ்சினுக்கு நல்ல பெயர் இல்லை. நிமிடத்துக்கு 3,400 சுற்றில் வைத்தால் சில நிமிடங்களில் பேரிங் போய்விடும் என்று சொல்வார்கள். நான்கு நிமிடம் என்று எல்லாக் கதைகளிலும் ஒரே எண் வருகிறது, அந்த எண்ணை நான் பந்தயம் கட்டிச் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த வடிவத்தின் பலவீனம் அதே இடத்தில்தான் இருக்கும் என்று எஞ்சினைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

ஏன் என்று கொஞ்சம் விளக்குகிறேன், ரூஸ் செய்த வேலையின் பெருமை இதில்தான் இருக்கிறது. ஸ்ட்ரோக் 111 மில்லிமீட்டர் என்றால் கிராங்க், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு, ஒருமுறை சுற்றும்போது பிஸ்டன் மேலே ஒருமுறை கீழே ஒருமுறை, மொத்தம் 222 மில்லிமீட்டர் ஓடுகிறது. 4,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு ஏறக்குறைய 14.8 மீட்டர். அந்தக் கால மலிவுக் கார் எஞ்சினுக்கு அது அசாத்திய வேகம். அதைவிட முக்கியம், பிஸ்டனை ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருப்புகிற விசை. அது சுற்றுக்கு நேர்விகிதத்தில் அதிகரிப்பதில்லை, சுற்றின் வர்க்கமாக அதிகரிக்கும். 3,200 சுற்றில் இருந்து 4,000-க்குப் போனால் சுற்று கூடுவது 25 சதவீதம், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கில் அந்த விசை கூடுவது 56 சதவீதம். நான்கு சிலிண்டர் கிராங்கைத் தாங்க இந்த எஞ்சினில் மூன்றே மெயின் பேரிங்தான். எண்ணெய் சரியாக வந்து சேராத ஒரு பேரிங் இருந்தாலும் முதலில் அதுதான் உருகும்.

ரூஸ் இதை ஒரே ஒரு பெரிய யோசனையால் சரிசெய்யவில்லை. லேசான அலுமினிய பிஸ்டன், எடை குறைந்த ஃபிளைவீல், பேரிங்குகளில் நல்ல கலவை, இறுக்கமான அளவுத் துல்லியம், கூடுதல் குளிர்ச்சி, சீரான மானிஃபோல்டும் கார்புரேட்டரும், இப்படி ஒன்றன்பின் ஒன்றாக, எஞ்சினை முழு வேகத்தில் உடைகிற வரை ஓட்டுவது, உடைந்த பாகத்தைப் பலப்படுத்துவது, திரும்ப ஓட்டுவது என்று செய்திருக்கிறார். கடைசியில் 4,400 சுற்றில் 100 மணி நேரத்துக்கும் மேல் நிற்காமல் ஓடியது என்கிறார்கள். சரியான மணிக்கணக்கு ஏட்டுக்கு ஏடு மாறுகிறது, ஆனால் விளைவு மாறவில்லை. அதே அளவு, அதே ஸ்ட்ரோக், 48-ல் இருந்து 60-க்கு மேல். இதெல்லாம் ராணுவத்துக்காகச் செய்ததே இல்லை. ஃபோர்டும் ஷெவர்லேயும் ஆண்ட சந்தையில் ஒரு மலிவுக் காரை விற்றுப் பிழைக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. 'கோ டெவில்' என்ற பெயரும் விளம்பரத்துக்கு வைத்ததுதான்.

இந்த எஞ்சினுக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது, அது எடை. ராணுவம் 1,300 பவுண்டு கனவைக் கைவிட்டு 2,160 பவுண்டு என்று எல்லையைத் தளர்த்தியிருந்தது. வில்லிஸ் குவாட் 2,400 பவுண்டுக்கு மேல். ரூஸ் முன்னால் இரண்டு வழி இருந்தது. பாண்டம் மாதிரி சின்ன கான்டினென்டல் எஞ்சினுக்குப் போய்விடலாம், இல்லை என்றால் எஞ்சினை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றிலும் 250 பவுண்டு குறைக்கலாம். அவர் இரண்டாவதை எடுத்தார். மொத்த வண்டியையும் பிரித்துப் போட்டு, ஃபிரேமுக்கு மெல்லிய ஆனால் பலமான எஃகு, போல்டுகளில் நட்டைத் தாண்டி நீண்ட முனை இருந்தால் வெட்டு, காட்டர் பின்னைக் குட்டையாக்கு என்று அவுன்ஸ் அவுன்ஸாகக் குறைத்தார்கள். இன்னொரு கோட் பெயிண்ட் அடித்திருந்தால் எல்லையைத் தாண்டியிருக்கும் என்ற கதை இங்கேதான் பிறந்தது. பெயிண்ட் கதையை யாரோ அழகுக்காகச் சேர்த்தது என்றே எடுத்துக்கொள்வேன், போல்டு வெட்டிய கதையை நம்புகிறேன். ஜீப்பின் வளர்ச்சி வரலாற்றில் ஒரே ஒரு முடிவைக் காட்டச் சொன்னால், எஞ்சினை விடாத இந்த முடிவைத்தான் நான் காட்டுவேன்.

மூன்று கம்பெனிகளிடமும் 1,500, 1,500 என்று வாங்கி ஓட்டிப் பார்த்தபின், 1941 ஜூலையில் 16,000 வண்டிக்கான ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது. ஒரு வண்டி 738 டாலர் சொச்சம். அதுதான் வில்லிஸ் எம்பி (MB) என்று நமக்குத் தெரிந்த வண்டி. தேறியது வில்லிஸ் என்றாலும் அது மற்ற இரண்டிலிருந்தும் நல்லதை எடுத்துக்கொண்டது. தட்டையான பானெட்டும், ஹெட்லைட்டைக் கிரில்லோடு சேர்த்துவைக்கும் முகமும் ஃபோர்டின் வழி வந்தவை. முதலில் வந்த எம்பிகளில் கம்பிப் பட்டைகளைப் பற்றவைத்த கிரில் இருந்தது. ஒரே தகட்டை அழுத்தி ஒன்பது பிளவு வெட்டிய கிரில் ஃபோர்டு செய்தது, மலிவு என்பதால் வில்லிஸும் அதற்கு மாறியது. இன்றைக்கு ஜீப்பின் முகம் என்று உலகம் அடையாளம் காண்பது ஃபோர்டின் யோசனையில் இருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

ஒரே ஆலையை நம்பியிருக்கக் கூடாது என்று அதே வருடம் நவம்பரில் ஃபோர்டிடமும் செய்யச் சொன்னார்கள், ஆனால் வில்லிஸ் வரைபடப்படி, வில்லிஸ் எஞ்சினோடு. ஃபோர்டு வண்டியின் ஜிபிடபிள்யூ (GPW) என்ற பெயரில் உள்ள கடைசி எழுத்து வில்லிஸைக் குறிப்பதுதான். ஃபோர்டு மாதிரி ஒரு கம்பெனி தன் எஞ்சினை ஒதுக்கிவிட்டு இன்னொருவர் எஞ்சினை லட்சக்கணக்கில் வார்த்துக் கொடுத்தது என்றால் இதற்கு மேல் அந்த எஞ்சினுக்குச் சான்று வேண்டியதில்லை. போர் முடிவதற்குள் வில்லிஸ் சுமார் 3,60,000, ஃபோர்டு சுமார் 2,80,000. பாண்டம் மூவாயிரத்தைக்கூட எட்டவில்லை, ராணுவத்துக்கு டிரெய்லர் செய்து கொடுத்துப் பிழைத்தது. ஒரு சின்ன ஆறுதல், வில்லிஸ் தன்னை ஜீப்பைப் படைத்தவராக விளம்பரம் செய்ததை அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் எதிர்த்து, வண்டியின் யோசனை ராணுவ அதிகாரிகளோடு சேர்ந்து பாண்டம் கொண்டுவந்தது என்று 1948-ல் தீர்ப்பு சொன்னது. இந்தச் சண்டையில் எழுத்து மூலமான தீர்ப்பு என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

இனி, 60 குதிரைத்திறனில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. கோ டெவில் சைடு வால்வ் எஞ்சின். காற்று உள்ளே வரும் இன்டேக், புகை வெளியேறும் எக்சாஸ்ட் இரண்டு வால்வும் பிளாக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும், மேலே ஹெட் என்பது வெறும் வார்ப்பிரும்பு மூடிதான். ஹெட்டில் உள்ள வால்வைத் திறக்க வேண்டிய ராக்கர் இல்லை, புஷ் ராட் இல்லை. ஹெட்டைக் கழற்றி வால்வைத் தேய்த்துப் பூட்ட மரத்தடி நிழல் போதும், அதை நானே செய்திருக்கிறேன். கம்ப்ரஷன் விகிதம் 6.48 மட்டுமே என்பதால் மட்டமான பெட்ரோலையும் நாக்கிங் இடி இல்லாமல் எரிக்கும். முழு இழுவையும் 2,000 சுற்றிலேயே வந்துவிடும், டிரான்ஸ்பர் கேஸில் லோ கியர் போட்டால் கிளட்சை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே ஏற்றத்தில் நடந்து ஏறும். எஞ்சின் குட்டையாக இருந்ததால்தான் எம்பியின் பானெட் அவ்வளவு தாழ்வாக இருக்க முடிந்தது, உளவு வண்டிக்கு அது உயிர் விஷயம். குறையும் உண்டு. காற்று வளைந்து வளைந்து உள்ளே போக வேண்டியிருப்பதால் அதிக சுற்றில் மூச்சு முட்டும். எக்சாஸ்ட் வால்வின் சூடு முழுவதும் பிளாக்குக்குள்ளேயே இறங்கும், அதனால் தண்ணீர் குறைந்து ஓட்டியவர்களின் பிளாக்குகளில் வால்வ் சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விழுந்திருப்பதைப் பார்க்கலாம். கிராங்கின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் மெயின் சீலில் எண்ணெய் கசியும், கசிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அளவைப் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்புறம் தாத்தாவின் ஜீப். மஹிந்திரா நிறுவனம் தன் வரலாற்றைச் சொல்லும்போது, கே.சி. மஹிந்திரா அமெரிக்காவில் பார்னி ரூஸைச் சந்தித்ததில் இருந்துதான் இந்தியாவுக்கு ஜீப் கொண்டுவரும் எண்ணம் பிறந்தது என்று சொல்கிறது. ஆக நம் ஊர் ஜீப்புக்கும் அந்த எஞ்சினைச் செதுக்கியவருக்கும் நேரான தொடர்பு உண்டு. ஆனால் இந்தியச் சாலைகளில் பல பத்தாண்டுகள் ஓடிய மஹிந்திரா சிஜே-3பி ஜீப்பில் இருந்தது கோ டெவில் இல்லை, அதன் அடுத்த தலைமுறையான ஹரிக்கேன். சிலிண்டர் விட்டமும் ஸ்ட்ரோக்கும் அதேதான். மாறியது மூச்சு விடும் வழி. எக்சாஸ்ட் வால்வைப் பிளாக்கிலேயே விட்டுவிட்டு, இன்டேக் வால்வை மட்டும் பெரிதாக்கி ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். 60 என்பது 72 குதிரைத்திறன் ஆனது. ஹெட் உயர்ந்துவிட்டதால் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று, மஹிந்திரா ஜீப்பின் நெற்றி அவ்வளவு உயரமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அழகாக இல்லை என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அந்த முகம்தான் பிடிக்கும்.

வீட்டில் அந்த வண்டி இன்னும் இருந்தால் பானெட்டைத் திறந்து பாருங்கள். தட்டையான ஹெட், அதன் மேல் ஸ்பார்க் பிளக்குகள் நேராக நின்றுகொண்டிருந்தால், கார்புரேட்டரும் சைலன்சர் மானிஃபோல்டும் பிளாக்கின் ஒரே பக்கத்தில் சேர்ந்து இருந்தால், அது கோ டெவில். ஹெட்டுக்கு மேல் நீளமான ராக்கர் கவர் இருந்து, கார்புரேட்டர் ஹெட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தால் ஹரிக்கேன். இரண்டும் இல்லாமல் டீசல் எஞ்சின் இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள், பெட்ரோல் விலை ஏறியபின் ஏராளமான ஜீப்புகளில் டீசலைத் தூக்கி வைத்துவிட்டார்கள். ஹெட்டை மட்டும் மாற்றி ஒன்றை இன்னொன்றாக்கலாம் என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள், முடியாது. போர்க்கால வண்டி என்று சொல்லி விற்க வருகிறவர்களிடம் ரேடியேட்டருக்குக் கீழே ஃபிரேமின் முன் குறுக்குச் சட்டத்தைக் குனிந்து பாருங்கள், வில்லிஸ் எம்பியில் அது உருண்டைக் குழாய், ஃபோர்டில் கவிழ்த்துவைத்த 'ப' வடிவத் தகடு. ஃபோர்டு தன் போல்டு தலைகளில்கூட தன் ஆங்கில முதலெழுத்தைப் பொறித்துவைத்தது, பழைய போல்டுகள் மிச்சமிருந்தால் கண்ணில் படும். எண்பது வருடத்தில் எஞ்சின், பாடி எல்லாமே மாறியிருக்கலாம் என்பதால் இதை வைத்து ஃபிரேமைப் பற்றி மட்டும்தான் முடிவு செய்ய முடியும். பானெட்டைத் திறந்து இடது, வலது, மேலே என்று மூன்று படம் எடுத்துப் போடுங்கள், எந்த எஞ்சின் என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு நல்ல மெக்கானிக் கம்ப்ரஷன் கேஜை வைத்து நான்கு சிலிண்டரையும் தனித்தனியாக அளந்து பார்க்க வேண்டும். அதுவரை வண்டி ரொம்ப நாள் நின்றுபோயிருந்தால் செல்ஃப் அடிக்காதீர்கள், பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிட்டு, முதலில் கையால் சுற்றிப் பாருங்கள்.